பருப்பு எங்கே இருக்கிறது?

மாடுலர் கிச்சன் விளம்பரக் கையேடுகளை ஒரு பனுவலாக வாசித்துப் பார்க்கலாம். அந்தப் படங்களில் அடுப்பு எரிவதில்லை, சிங்க்கில் எச்சில் தட்டு கிடப்பதில்லை. பளபளக்கும் அலமாரிகளின் நடுவே ஒரே ஒரு பெண் நிற்கிறாள். அக்ரிலிக்கா லேமினேட்டா, மேலே தூக்கும் கதவா பக்கவாட்டில் திறக்கும் கதவா, என்ன நிறம் என்ற கேள்விகள் எல்லாம் அவளுக்கானவை. மனை யார் பெயரில், கடன் எவ்வளவு, சமையலறைக்கு எத்தனை சதுர அடி என்ற பேச்சுகளில் இல்லாத பெண், கதவின் நிறத்தைத் தேர்வு செய்யும்போது மட்டும் வீட்டுத் தலைவி ஆகிவிடுகிறாள்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில் மருமகள் மீனாட்சி நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. சமையலறையின் அமைப்பையே மாற்றலாம் என்கிறாள். வீட்டு ஆண்களுக்கு அந்த யோசனை உவப்பாக இல்லை. இன்றைய சந்தை இன்னும் சாமர்த்தியமானது. அது மீனாட்சியின் வாயை அடைக்காது. அவள் கையில் நிற அட்டையைக் கொடுத்துவிடும்.

இந்த அலமாரிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆஸ்திரியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களுள் ஒருவரான மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி, 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புத் திட்டத்திற்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. தொழிற்சாலையில் தொழிலாளியின் அசைவுகளை அளப்பதுபோல் சமைப்பவளின் அடிகளை எண்ணி, கைக்கெட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் வைத்தார். பெண்ணின் நேரத்தை மீட்டுத் தருவதுதான் நோக்கம். அதுவரை தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

1970களில் பெண்ணியவாதிகள் இந்தச் சமையலறையைக் கடுமையாக விமர்சித்தனர். உழைக்கும் மக்களின் வீடுகளில் சமைப்பதும் உண்பதும் உட்கார்ந்து பேசுவதும் ஒரே அறையில் நடந்துவந்தன. புதிய அறையோ ஒருத்தி மட்டும் நிற்கும் அளவிலானது. அவள் நடக்கும் தூரம் குறைந்தது. கூட நிற்க இன்னொருவருக்கு இடமில்லாமல் போனது. வேலையை எளிதாக்குவதும் வேலையைப் பகிர்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் அதே வடிவமைப்பில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. அரிசி, சர்க்கரை என்று பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். முதன்முறை உள்ளே வருபவர்கூட எது எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் உளுந்து, பழைய பிஸ்கட் டப்பாவில் மிளகாய் வற்றல், பரணில் இட்லிப் பானை. இந்த வரைபடம் முழுவதும் ஒருத்தியின் தலைக்குள் இருக்கிறது. “பருப்பு எங்கே இருக்கு?” என்று கேட்பவர் உதவ வந்தவர்போலத் தோன்றுவார். தேடித் தருகிற வேலை மறுபடியும் அவளுடையதே. பத்து நாள் ஊருக்குப் போனாலும் அந்த அலமாரியின் சாவி அவள் நினைவில்தான் தொங்குகிறது. வேறெங்கும் அதிகாரம் கிடைக்காத மூத்த பெண்கள் இந்த அறிவை விட்டுத்தர மறுப்பதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாத ஒரே சொத்து அது.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். அந்த வேலையில் ஈடுபடும் பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு மட்டுமே. இந்த எண்களோடு கையேட்டைத் திரும்பப் புரட்டினால் நிறங்கள் வேறாகத் தெரியும். தாளிப்பு எண்ணெய் தெறிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் கைரேகைகூடப் படியும் பளபளப்பான வெள்ளைக் கதவு என்றால், தினமும் அதை யாரோ துடைக்க வேண்டும். நிறத்தைத் தேர்வதென்பது துடைக்கும் நிமிடங்களைத் தேர்வதுதான். சிங்க்குக்குக் கீழே மலிவான துகள் பலகை வைத்தால் தண்ணீர் பட்டு ஊதிவிடும். மரைன் பிளைவுட்டோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ தாங்கும். விலையில் மிச்சப்படுத்துவதை அந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பவள் தன் இடுப்பால் செலுத்துகிறாள்.

அவள் பல வீடுகளில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண். மேடையின் உயரம் பேசப்படும்போது அவள் அங்கே இருப்பதில்லை. முழங்கைக்குச் சற்றுக் கீழே மேடை இருக்க வேண்டும் என்பது எளிய விதி. யாருடைய முழங்கை? வீட்டுக்காரியின் உயரத்துக்கு அளந்த சிங்க்கில், அவளைவிட அரையடி குட்டையான இன்னொருத்தி தோளைத் தூக்கிக்கொண்டு பாத்திரம் விளக்குகிறாள். ஃபிராங்ஃபர்ட் சமையலறையிலாவது உட்கார்ந்து காய் நறுக்க ஒரு முக்காலி இருந்தது. நம் கையேடுகளில் அதுவும் இல்லை. அரிவாள்மனையோடு சேர்த்து, உட்காருவதையும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டோம்.

அலமாரி வாங்க வேண்டாம் என்பதல்ல என் வாதம். நல்ல அலமாரி பெண்ணின் முதுகைக் காக்கும். அதை ஆடம்பரம் என்று ஒதுக்குவது ஆண்களின் வசதியான எளிமை. ஆனால் வாங்குமுன் வேறு கேள்விகளைக் கேட்போம். இருவர் முதுகு உரசாமல் நிற்க இடம் உண்டா? பத்து வயதுப் பையன் ஏணியில்லாமல் அரிசியை எடுக்க முடியுமா? டப்பாக்களின் மேல் பெயர் எழுதியிருக்கிறதா? விற்பனையாளர் நிற அட்டையை நீட்டும்போது, முதலில் அளவு நாடாவை எடுக்கச் சொல்லலாம். கணவர், மகன், மாமியார், பாத்திரம் விளக்கும் அக்கா என எல்லோருடைய முழங்கையையும் அளக்கட்டும். எந்த அளவை எழுதிக்கொள்வது என்று அவர் குழம்பி நிற்கும் இடத்தில்தான், அந்த வீட்டில் யார் சமைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு தொடங்கும்.