ஐந்து முகங்களும் ஆறாவது முகமும்

நகைச்சுவையால் ஊழல் ஒழிந்ததாக வரலாறு இல்லை. எனினும், ஊழலின் முகத்தைத் தெளிவாகக் காட்டிய நகைச்சுவை உண்டு. 2001இல் சப் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஆபீஸ் ஆபீஸ்' என்னும் இந்தித் தொடர் அத்தகையது. இராஜீவ் மெஹ்ரா இயக்கிய இத்தொடரில், முசத்திலால் என்னும் எளிய மனிதராகப் பங்கஜ் கபூர் நடித்தார்.

முசத்திலால் ஏறும் அலுவலகப் படிகள் மாறும், துறை மாறும். ஆனால் உள்ளே அமர்ந்திருப்போர் அதே ஐவர்: பாட்டியா, சுக்லா, பட்டேல், பாண்டே, உஷா. பாட்டியா ஓயாமல் தின்றுகொண்டிருப்பார். சுக்லா பான் குதப்புவார். எதைக் கேட்டாலும் இரண்டு வாய்ப்புகள் உண்டென்று பட்டேல் விளக்கத் தொடங்குவார். துறைகள் பல, நோய் ஒன்றே என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. தொடரின் சிறப்பே இந்த உத்திதான்.

இதன் வழிவந்த திரைப்படம் 2011இல் வெளியானது. அதில், இறந்துவிட்டதாகப் பதிவாகி ஓய்வூதியம் நின்றுபோன முசத்திலால், தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க அலைகிறார். இறந்தோருக்காக நாம் மன்றாடும் நவம்பர் மாதத்தில், உயிர்வாழ்வுச் சான்றளிக்கச் செல்லும் நம் ஓய்வூதியர்களுக்கு இது வெறும் கற்பனையன்று.

ஆயினும் நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. முசத்திலால் கள்ளமறியாதவர். ஆதலால் காண்போர் எல்லாரும் தம்மை முசத்திலாலாகவே எண்ணிச் சிரிக்கிறோம். வாங்கும் கையைக் கண்டு நகைக்கும் நாம், கொடுக்கும் கையை மறந்துவிடுகிறோம். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம் இலஞ்சம் கொடுப்பதையும் குற்றமாக்கியுள்ளது. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் முறையிட்டால் விலக்கு உண்டு. சட்டம் கேட்பது இருக்கட்டும். பட்டா மாறுதலுக்காக உறையில் பணம் வைத்து நீட்டிய நாளை, ஒப்புரவு அருட்சாதனத்திற்கு முன் நம் ஆன்ம சோதனையில் என்றேனும் நினைத்ததுண்டா?

லூக்கா நற்செய்தியிலும் ஒரு நகைச்சுவைக் காட்சி உண்டு. எரிக்கோவின் செல்வர், வரிதண்டுவோரின் தலைவர், குள்ளமானவர், அத்திமரத்தில் ஏறி நிற்கிறார். ஆண்டவர் அவரைப் பெயர் சொல்லி அழைத்து இறங்கிவரச் செய்கிறார். இறங்கிய சக்கேயு, ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித்தர முன்வருகிறார். தொலைக்காட்சியின் ஐவரோ இருக்கையை விட்டு இறங்குவதே இல்லை.

அங்கதம் கண்ணாடியைக் காட்டுவதோடு நின்றுவிடும். அதில் ஆறாவது முகமாக நம் முகத்தையும் கண்டுகொள்வது நம் கடன். அதன்பின் சிரிப்போமானால், அச்சிரிப்பு மனமாற்றத்தின் தொடக்கமாகும்.