சதுர ஜாடியின் மூலைகள்

கைப்பிடி சுற்றி வெண்ணெய் கடையும் பழைய அமெரிக்கக் கண்ணாடி ஜாடியான டேஸியைச் சேர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு பத்தாம் எண் ஜாடியில் போய் நின்றுவிடும். ஒரு குவார்ட் மட்டுமே பிடிக்கும் அந்தக் குட்டி ஜாடி எளிதில் கண்ணில் படாது. பட்டால், கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவிடுவார்கள். அலமாரியில் வைத்துப் பார்க்க அது அழகுதான். ஆனால் கடைவதற்கு நாற்பதாம் எண்ணுக்கு நிகரில்லை என்பது என் கட்சி. நான்கு குவார்ட், நம் கணக்கில் 3.8 லிட்டருக்குச் சற்றே குறைவு. பாதிக்கு மேல் ஊற்றாமல் கடைந்தாலும் ஒரு வீட்டுக்கு ஒரு வாரம் ஓடும். உட்கார்ந்து கடைபவர் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளலாம். அறுபதும் எண்பதும் அப்படி அடங்குவதில்லை.

ஜாடியின் தலையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். பல்சக்கரங்களை மூடியிருக்கும் அந்தச் சிவப்புக் கவசம் அமெரிக்கக் கால்பந்தைப் போலிருக்கிறதா, அது முந்தைய வார்ப்பா பிந்தையதா, கைப்பிடியின் மரக்குமிழ் பழையதா மாற்றியதா என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுவார்கள். கண்ணாடியிலேயே புடைப்பாக வார்த்திருக்கும் செயின்ட் லூயிஸ் முகவரியையும், 1922 பிப்ரவரி 14 என்ற காப்புரிமைத் தேதியையும் விரலால் தடவிப் பார்ப்பார்கள். நானும் தடவிப் பார்ப்பவன்தான். ஆனால் அந்த எழுத்துகள் எதன் மேல் நிற்கின்றன என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவை ஒரு தட்டையான பக்கத்தின் மேல் நிற்கின்றன. டேஸி ஜாடி சதுரம். மூலைகளை மட்டும் கொஞ்சம் மழுங்க விட்டிருக்கிறார்கள். கைச்சுற்றுக் கடைசலில் கடந்த இரு நூற்றாண்டுகளில் நடந்த முன்னேற்றங்களை ஒரே இடத்தில் காட்டு என்றால், பல்சக்கரத்தை விட்டுவிட்டு அந்த நான்கு மூலைகளைத்தான் காட்டுவேன்.

உருண்டையான ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் டேஸியின் துடுப்பை விட்டுச் சுற்றிப் பாருங்கள். முதல் சில சுற்றுகளுக்குப் பாலாடை அலைபாயும். பிறகு துடுப்பின் போக்குக்கு இணங்கி அதுவும் கூடவே சுற்றத் தொடங்கிவிடும். நடுவில் ஒரு குழி விழும், ஓரம் ஏறும், மேற்பரப்பு வழவழவென்று ஆகிவிடும். கை வேகமாகச் சுற்றுகிறது, பார்ப்பதற்கு வேலை நடப்பது போலவே இருக்கிறது, உள்ளே மோதல் என்று ஒன்றும் இல்லை. கொழுப்புத் துளியின் சவ்வு கிழிந்து ஒன்றோடொன்று ஒட்ட வேண்டுமானால் பக்கத்துப் பக்கத்து அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் உரச வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே திக்கில் சுற்றினால் உரசல் எங்கிருந்து வரும்? சதுர ஜாடியில் அந்தச் சமரசத்துக்கு இடமில்லை. துடுப்பு தள்ளிவிட்ட ஆடை தட்டைச் சுவரில் முட்டுகிறது, மூலைக்குள் போய்த் திணறுகிறது, திரும்பி நடுவுக்கே வந்து அடுத்த இலையிடம் அடிவாங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூலைகளில் ஆடை மேலும் கீழும் துள்ளுவது தெரியும். குழி விழுவதே அபூர்வம்.

நம் வீடுகளில் தூணில் கட்டி, கயிறு சுற்றிக் கடைந்த மத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது. வலக்கயிற்றை இழுத்தால் மத்து ஒருபுறம் சுற்றும். தயிர் அதன் போக்கைப் பிடித்துக்கொள்வதற்குள் இடக்கயிறு இழுபட்டு மத்து மறுபுறம் திரும்பிவிடும். ஒவ்வொரு இழுப்பிலும் தயிர் ஏமாறுகிறது. அதனால் தாழி எவ்வளவு உருண்டையாக இருந்தாலும் குற்றமில்லை. கைப்பிடியைச் சுற்றும் இயந்திரம் வந்தபோது அது ஒரே திசையில்தான் சுற்றியது. சுற்றுவது சுலபமாயிற்று, வேகம் கூடிற்று, மாறி மாறி இழுப்பதில் இருந்த அந்த நன்மை போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் காப்புரிமைப் படங்களைப் புரட்டினால், கைச்சுற்றுக் கடைசலில் பாதி மூளை இந்த ஓர் இழப்பை ஈடுகட்டத்தான் செலவாகியிருக்கிறது என்பது என் எண்ணம். சுவரில் அசையாத விரல்களை நட்டுப் பார்த்தார்கள். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும் இரட்டைத் துடுப்பு வைத்தார்கள். துடுப்பில் துளை போட்டார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் கான்கார்டில் பிளான்சார்டு குடும்பத்தார் செய்த மரத்தொட்டிகள் அந்தக் காலத்தில் பேர்போனவை; திடமான, நேர்மையான வேலை. ஆனால் இப்படி உள்ளே அடைத்து வைத்ததை எல்லாம் கழற்றிக் கழுவ வேண்டும். மர இடுக்கில் தங்கிய மோர் மறுநாள் புளித்து நாறும். சதுர ஜாடியோ உள்ளே ஒரு சாமானும் சேர்க்காமலே அதே பலனைத் தருகிறது. கழுவ நாலு சுவர்தான்.

வேகப் பித்தும் அந்தக் காலத்திலேயே பிடித்திருந்தது. சில நிமிடங்களில் வெண்ணெய் திரண்டுவிடும் என்று விளம்பரம் செய்த கடைசல்கள், உள்ளே காற்றை ஊதித் தள்ளும் கடைசல்கள் என்று வரிசையாக வந்து போயின. சூடான ஆடையை வேகமாக அடித்தால் சீக்கிரம் திரளும் என்பது உண்மை. திரள்வது பிசுபிசுவென்று இருக்கும், கொழுப்பில் ஒரு பங்கு மோரோடு போய்விடும், வைத்திருந்தால் மணமும் நிற்காது. ஆடை 13, 14 டிகிரி செல்சியஸில் இருந்தால் 20 நிமிடத்துக்கு மேல் ஆகலாம். அந்த நேரத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.

பீப்பாய்க் கட்சிக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தலைகீழாய்ப் புரளும் பீப்பாய்க்குத் துடுப்பே வேண்டாம். ஆடை தன் எடையாலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விழுந்து அடிபடுகிறது. லீட்ஸ் நகரத்து வெய்டு கம்பெனியின் ‘விக்டோரியா’வைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். இரும்புச் சட்டத்தின் நடுவே படுத்திருக்கும் ஓக் பீப்பாய், காற்றை வெளியேற்ற ஒரு அடைப்பான், மூடியில் ஒரு சின்னக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் படிந்த ஆடை வழித்துவிட்டாற்போல் தெளிந்தால் வெண்ணெய் முறிந்துவிட்டது என்று அர்த்தம். துடுப்பு நசுக்காததால் மணிகள் தனித்தனியாக நிற்கும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், அந்த ஒரு விஷயத்தில் பீப்பாய்க்கு ஈடு கிடையாது. வெர்மான்ட்டின் பெல்லோஸ் ஃபால்ஸிலிருந்து வந்த டேவிஸ் ஊஞ்சல் கடைசலையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். அதற்குக் கைப்பிடிச் சுற்றே இல்லை, தொங்கவிட்டு ஆட்டுவதுதான்.

ஆனால் பீப்பாய்க்கு ஒரு வரம்பு இருக்கிறது, அதன் ரசிகர்கள் அதைப் பேசுவதில்லை. 60 செ.மீ. விட்டத்தில் புரளும் பீப்பாயை நிமிடத்துக்கு ஏறத்தாழ 55 சுற்றுக்கு மேல் சுற்றினால், ஆடை விழவே விழாது. மையவிலக்கு விசை அதை முனைகளோடு சேர்த்து அழுத்திவிடும். கை வலிக்கச் சுற்றிக்கொண்டிருப்போம், உள்ளே ஆடை தூங்கிக்கொண்டிருக்கும். சிறிய பீப்பாய் செய்தால் இன்னும் வேகமாய்ச் சுற்றலாம். ஆனால் விழும் உயரம் குறைந்துபோவதால் அடியில் பலம் இருக்காது. பெரிதாகச் செய்தால்தான் அதற்கு உயிர். பெரிதாகச் செய்தால் அவ்வளவு ஆடைக்கு எங்கே போவது? காய்ச்சிய பாலில் தினமும் எடுத்த ஆடையை ஒரு கரண்டி தயிர் விட்டுப் புரையூற்றிச் சேர்த்து வைப்பவர்களுக்கு, வாரத்துக்கு ஒன்றரை லிட்டர் தேறினால் பெரிது. வீட்டுக் கடைசல் என்று வந்துவிட்டால் ஜாடிதான்.

ஜாடியின் பெரிய வரம் அது கண்ணாடி என்பது. எந்தப் பக்கம் பார்த்தாலும் முழுவதும் தெரிகிறது. முதலில் நுரை. பிறகு துடுப்பு ஓடிய தடம் அழியாமல் நிற்கும் அளவுக்கு ஆடை கெட்டிப்படும். இந்த இடத்தில் கைப்பிடி கனக்கும், அவசரக்காரர்கள் கோளாறு என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. அதே சீரில் போனால் கெட்டித்த ஆடையின் பளபளப்பு போய் மேல்புறம் சொரசொரக்கும், வெள்ளையில் மெல்ல ஒரு மஞ்சள் ஏறும் (பசும்பாலாக இருந்தால், எருமைப் பாலில் இந்த அடையாளம் கிடைக்காது). அப்புறம்தான் அந்தக் கணம். சத்தம் மாறும். அதுவரை மந்தமாய் அமுங்கியிருந்தது சளக், சளக் என்று நீர் அடிக்கும் ஓசையாகும். கையில் இருந்த கனம் சட்டென்று விடும். சுவரில் பூசியிருந்த ஆடை வழிந்து இறங்கி, 1922-இன் எழுத்துகள் உள்ளிருந்து தெளிவாகத் தெரியும். மணி கோதுமை அளவு வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். பத்து சுற்று அதிகம் போனாலும் மணிகள் ஒட்டிப் பந்தாகி மோரை உள்ளே பூட்டிக்கொள்ளும். எத்தனை குளிர்ந்த நீர் விட்டு அலசினாலும் அது வெளியே வராது, வெண்ணெய் சீக்கிரம் காறும்.

துடுப்பு மரமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கொதிநீர் ஊற்றிப் பிறகு குளிர்நீரில் போட்டு எடுத்த மரம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெண்ணெய் அதில் அப்பாது. துருப்பிடிக்காத எஃகு சுத்தமாகத் துலங்கும், ஆனால் வெண்ணெய் அதை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும்.

இப்போது கடைகளில் கிடைக்கும் ஜாடிகளை எடுத்துப் பார்த்தால் மனம் கசக்கிறது. பல ஜாடிகள் உருண்டை. இறுக்கமாக மூடும் ஊறுகாய் ஜாடிக்குத் தலையில் ஒரு கைப்பிடி வைத்துவிட்டால் கடைசல் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். நான் வாங்கிய ஒன்றில் பல்சக்கரம் பிளாஸ்டிக். ஆடை கெட்டிப்படும் இடத்தில், பழைய வார்ப்பிரும்பு முக்கிக்கொண்டே தாண்டிப்போகும் அதே இடத்தில், பல் நழுவித் தடதடத்தது. சில வாரங்களில் இரண்டு பல் வழுக்கையாகிவிட்டது. பொருள் உடைவது சகஜம், அதைக்கூட மன்னிக்கலாம். கூட வந்த கையேட்டில் ஆடையை அறைச்சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஊற்றச் சொல்லியிருந்தார்கள். சென்னையில் மே மாதத்து அறைச்சூட்டில் வெண்ணெய் திரளுமா? இயந்திரம் குளிர்ந்த ஆடையின் பளுவைத் தாங்காது என்பதற்காகக் கடைசலின் விதியையே மாற்றி எழுதியிருக்கிறார்கள். டெக்சாஸில் தொடங்கி செயின்ட் லூயிஸுக்குப் போன நேதன் டேஸியின் பட்டறை அப்படி எழுதத் தேவையில்லாத ஜாடியைச் செய்தது. அந்தக் கம்பெனியே பின்னாளில் மோட்டார் வைத்த ஜாடிகளும் விற்றது என்பது தெரியும். மோட்டாருக்குக் கனம் தெரியாது, சத்தம் மாறியதும் தெரியாது. மிக்ஸியைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

இவ்வளவு புகழ்ந்தாலும் நாற்பதாம் எண்ணில் திருத்த வேண்டியது உண்டு. முதலாவது கழுத்து. உடம்பைவிட வாய் ஒடுக்கம், தோளுக்கு அடியில் வெண்ணெய் போய் ஒளிந்துகொள்ளும். மரக்கரண்டியைச் சாய்த்துச் சாய்த்து வழிக்க வேண்டும். நான்கு மூலைகளைக் கொண்டாடுகிற நானே வழிக்கும்போது அவற்றைத் திட்டியிருக்கிறேன். வாயை உடம்பளவுக்கு அகட்டிவிடலாம் என்றால், மூடி பெரிதாகும். பெரிய தகட்டு மூடி கைப்பிடியின் முறுக்கத்தில் நெளியும், பல்சக்கரம் ஒன்றையொன்று விட்டு விலகும். ஆகவே மூடி வார்ப்பாக இருக்க வேண்டும், ஜாடியின் அடியில் தண்டின் நுனி உட்கார ஒரு சிறு குழி வேண்டும். மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி இருந்தால் தண்டு ஆடாது. துடுப்பையும் சுவருக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோகலாம். அடுத்தது எண்ணெய். சக்கரத்துக்கு விட்ட எண்ணெய் தண்டு வழியே இறங்கி ஆடையில் சேர வழி இருக்கிறது. மூடிக்கு உள்பக்கம், தண்டில் ஒரு சின்னக் கிண்ணி போல வளையம் பொருத்தினால் சொட்டு அதிலேயே தங்கிவிடும். கைப்பிடியை ஒரு அங்குலம் நீட்டினால் கெட்டிப்படும் நேரத்தில் மணிக்கட்டுக்கு உதவியாக இருக்கும்.

கோவையில் கிரைண்டருக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைக்காரர் ஒருவரிடம் இதையெல்லாம் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல்சக்கரமும் தண்டும் மூடியும் தன் பொறுப்பு, வார்ப்பிரும்பிலேயே செய்து தருகிறேன், பிளாஸ்டிக் பேச்சே வேண்டாம் என்றார். “கண்ணாடிதாங்க கஷ்டம். சதுரத்துக்குத் தனி அச்சு வெட்டணும், அம்பது ஜாடிக்கு எவனும் அச்சு வெட்ட மாட்டான். ரவுண்டுல போட்டுக்கலாமா?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சதுரத்தில் வார்த்துக் கொடுக்கும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஐம்பது ஜாடியில் பாதியை வாங்கிக்கொள்ள நண்பர்கள் இப்போதே தயாராக இருக்கிறார்கள்.