காந்தம் எதைச் செய்யட்டும்?

வீட்டில் நிலநடுக்கமானி கட்டுகிறவர்களுக்குக் காந்த மிதப்பின் மேல் ஆசை வருவதற்கு நியாயம் இருக்கிறது. வெகுதூரத்தில் நிகழும் பெரிய நிலநடுக்கத்தின் பரப்பலைகள் தரையை ஏறத்தாழ 20 விநாடிக்கு ஒருமுறை அசைக்கின்றன. அத்தனை மெதுவாக ஆடும் ஊசலை நூலில் கட்டித் தொங்கவிட வேண்டுமானால் நூல் 100 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். ஆகவேதான் பலரும் லேமன் வகையை நாடுகிறார்கள்: அச்சைச் சற்றே சாய்த்து, தோட்டக் கதவுபோல் மாட்டிய கிடை ஊசல். அதன் பலவீனம் கீலில் ஏற்படும் உராய்வு. மிதக்கும் எடைக்கோ கீலே தேவையில்லை.

ஆனால் நிலைக்காந்தங்களை எப்படி அடுக்கினாலும், அவற்றைக் கொண்டு மட்டும் ஒரு காந்தத்தை நிலையாக மிதக்க வைக்க முடியாது. 1842-இலேயே எர்ன்ஷா காட்டிய தடை இது. மின்காந்தத்தை மின்சுற்றால் நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருந்தால் மிதக்கும். அப்போது அந்தச் சுற்றின் இரைச்சலும் பதிவில் ஏறிவிடும்.

இன்னொரு வழி, காந்தத்தை விட்டு விலகும் இயல்புள்ள கிராஃபைட். குறுக்குவாட்டில் காந்தமேற்றிய இரண்டு உருளைகளைப் பக்கம் பக்கமாக வைத்து, நடுப்பள்ளத்தின் மேல் மெல்லிய கிராஃபைட் குச்சியை விட்டால் எதையும் தொடாமல் நிற்கிறது. லேசாக ஊதினால் நீளவாக்கில் போய்த் திரும்புகிறது. அருமையான காட்சிதான். ஆனால் அந்தக் குச்சி ஒரு கிராம்கூட இருக்காது. எடை குறையக் குறையக் காற்று மூலக்கூறுகளின் மோதலே அதை அதிகம் ஆட்டும். தரையின் நுண்ணசைவு அதில் மூழ்கிப்போகும். லேமன் ஊசலின் முனையில் கிலோக்கணக்கில் ஈயம் வைக்கலாம்.

செங்குத்து அசைவை அளக்க, விலக்கும் காந்தங்களின் மேல் எடையை ஏற்றி, பக்கவாட்டில் சரியாமல் பிடித்துக்கொள்வோரும் உண்டு. இங்கே வெப்பம் கெடுக்கிறது. நியோடிமியம் காந்தம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம் வலு இழக்கும். இரண்டு காந்தங்களுக்கு இடையிலான விசை 0.2 சதவீதம் குறையும். சாதாரண எஃகுச் சுருள்வில்லின் விறைப்பு மாறுவதோ டிகிரிக்கு 0.03 சதவீத அளவில்தான். பக்கத்தில் இரும்புச் சாமான் நகர்ந்தாலும், வாசலில் கார் வந்து நின்றாலும் காந்த எடை அசையும். அது பூமியின் அசைவு அல்ல.

இதே காந்தம் எடையைத் தாங்குவதை விட்டுவிட்டு ஊசலின் ஆட்டத்தை அடக்கும்போது அதற்கு இணை கிடையாது. ஊசல் முனையில் ஒரு செப்புத் தகட்டைப் பொருத்தி, வலுவான இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஆட விடுங்கள். தகட்டில் எழும் சுழல் மின்னோட்டம் ஆட்டத்தை உராய்வின்றி அடக்கும். காந்தங்களை நகர்த்தியே அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். எண்ணெய்த் தொட்டி இந்த வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்வதில்லை. அசைவை மின்சாரமாக மாற்றவும் காந்தமும் கம்பிச்சுருளுமே போதும். ரஷ்யாவின் கோலித்சின் 1906-இலேயே செய்து காட்டிய முறை அது.

காந்த மிதப்பு இயற்பியலைக் கற்க நல்ல சோதனை. ஆண்டு முழுக்க நம்பிப் பதிவெடுக்கும் கருவிக்கு ஏற்ற தாங்கி அல்ல. முதல் கருவி கட்டப்போகிறவர்கள் எடையைக் கீலிலோ சுருள்வில்லிலோ விடுங்கள். வாங்கிய காந்தங்களைச் செப்புத் தகட்டின் இருபுறமும் பொருத்துங்கள்.