முனுசாமியும் மாணிக்கமும் பேசிய சினிமா

படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் கருத்துச் சொல்லத் தொடங்கியதால் தமிழில் சினிமா விமர்சனம் செத்துவிட்டது என்ற பேச்சு இப்போது பரவலாக இருக்கிறது. 2024 நவம்பரில் 'கங்குவா' வெளியான கையோடு, யூடியூப் சேனல்கள் திரையரங்க வளாகத்துக்குள் வந்து ரசிகர்களிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதமே, முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே வரக் கூடாது என்று கோரும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கவில்லை. தயாரிப்பாளர்களின் கவலை போட்ட பணத்தைப் பற்றியது, அது புரிகிறது. இலக்கியப் பத்திரிகைகளில் எழுதுகிற நம் விமர்சகர்களும் அந்தக் குரலோடு சேர்ந்துகொண்டதுதான் எனக்குப் புரியவில்லை. ஒரு காலத்தில் தேர்ந்த விமர்சகர்கள் இருந்தார்களாம். வாய்க்கு வந்ததைப் பேசும் கூட்டம் இப்போது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதாம்.

இது தவறான வரலாறு. தமிழில் சினிமாவைப் பற்றிய எழுத்து உயிரோடு இருந்த காலமெல்லாம் சாதாரணப் பேச்சுக்குப் பக்கத்தில் இருந்த காலமே. பேச்சை விட்டு விலகியபோதெல்லாம் அது வற்றியிருக்கிறது.

தொடக்க காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1931-இல் 'காளிதாஸ்' வந்தபோது பத்திரிகைகளுக்குப் படம் பேசுகிறது என்பதே செய்தியாக இருந்தது. விமர்சனம் என்று சொல்லத்தக்க முதல் குரல் கல்கியுடையது. கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய்ச் சம்பளத்தில் நடித்த 'நந்தனார்' 1935-இல் வெளியானபோது, அதில் மரங்களும் எருமையும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருளில் ஆனந்த விகடனில் எழுதினார். கொட்டகையை விட்டு வெளியே வரும்போது ஒருவன் நண்பனிடம் சொல்லக்கூடிய தீர்ப்பு அது. நாற்பதுகளில் லட்சுமிகாந்தன் நடத்திய 'சினிமா தூது' இதழ் நடிகர்களின் அந்தரங்கத்தை விற்றது. 1944-இல் அவர் கொலையானதும் அந்த வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்றதும் எல்லோரும் அறிந்தவை. 'பேசும் படம்', 'குண்டூசி' போன்ற இதழ்கள் அதைவிடக் கண்ணியமானவை. ஆனால் அவற்றின் கண் படத்தைவிட நட்சத்திரத்தின் மீதே அதிகம் இருந்தது.

ஐம்பதுகளில் ஆனந்த விகடன் செய்த ஒரு காரியத்தைத்தான் நாம் முற்றிலும் மறந்துவிட்டோம். அந்தப் பத்திரிகை பல படங்களுக்கு முனுசாமி, மாணிக்கம் என்ற இரண்டு பேரின் உரையாடலாகவே விமர்சனம் வெளியிட்டது. பேச்சுத் தமிழில், பெரும் பட்டங்கள் ஏதும் இல்லாத இரண்டு ஆட்கள் படத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். இதை வாசகனைக் கவரும் வேடிக்கை உத்தி என்று ஒதுக்கிவிடுவது நம் ஆய்வாளர்களின் வழக்கம். தமிழ்ச் சினிமா விமர்சனம் கண்டுபிடித்த மிகச் சிறந்த வடிவம் இதுதான் என்பது என் துணிபு.

காரணம் எளிது. இரண்டு பேர் பேசும்போது ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் சொல்ல வேண்டும். கேட்கிறவர் "நல்லா இருக்கு" என்ற பதிலோடு விடமாட்டார், "எது நல்லா இருக்கு?" என்பார். அதற்குப் பதில் சொல்ல ஒரு காட்சியை எடுத்துச் சொல்லியாக வேண்டும். காட்சியைச் சொன்னதும் மற்றவர் மறுக்கலாம். அந்த மறுப்பும் அச்சில் ஏறும். தனி ஒரு விமர்சகர் எழுதும் கட்டுரையில் மாற்றுக் கருத்துக்கு இடம் தருவது அவருடைய பெருந்தன்மையைப் பொறுத்தது. உரையாடலில் அது வடிவத்திலேயே இருக்கிறது. டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட்டில் படம் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் காலை தெருக்குழாயடியில் கதையும் பாட்டுமாக ஒப்பித்த பெண்களின் கலையைத்தான் அந்தப் பக்கங்கள் அச்சுக்குக் கொண்டுவந்தன.

எழுபதுகளில் விகடனின் மதிப்பெண் புகழ்பெற்றது. 1977-இல் '16 வயதினிலே' 62½ வாங்கியதை இன்றைக்கும் சினிமாக்காரர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். அந்த விமர்சனத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. மதிப்பெண் விமர்சனத்தை விழுங்கிவிட்டது. சப்பாணியின் கோவணத்தையும் மயிலின் கனவையும் பற்றிப் பேச வேண்டிய இடத்தில், தேர்வுத்தாள் திருத்துகிறவரின் சிவப்பு மை வந்து உட்கார்ந்தது. நேர்மையான மதிப்பெண்தான், நல்ல நோக்கம்தான். ஆனால் படத்தைப் பற்றிய பேச்சை ஓர் எண்ணில் முடித்துவிடலாம் என்று தமிழ் வாசகனுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். இன்றைய ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரத்தின் பாட்டன் அந்த 62½.

இலக்கியவாதிகளும் ஆய்வாளர்களும் என்ன செய்தார்கள்? 'உன்னைப்போல் ஒருவன்' எடுத்த ஜெயகாந்தன், 'சினிமாவுக்குப் போன சித்தாளு'வில் ஓர் உழைக்கும் பெண்ணைச் சினிமாவின் பலியாளாக எழுதினார். கூர்மையான கதை; ஆனால் அந்தப் பெண்ணுக்கு மயக்கத்தைக் கொடுத்த ஆசிரியர் அபிப்பிராயத்தைக் கொடுக்கவில்லை. 'அக்ரஹாரத்தில் கழுதை'க்குத் திரைக்கதை எழுதிய வெங்கட் சாமிநாதனின் கோபம் நியாயமானது, நம் சினிமாவுக்குத் தேவையானதும்கூட. எனினும் ஒட்டுமொத்தமாக நிராகரிக்கிறவரிடம் ஒரு குறிப்பிட்ட படத்தைப் பற்றிப் பேச என்ன மிஞ்சும்? 1992-இல் வெளிவந்த எம்.எஸ்.எஸ். பாண்டியனின் எம்.ஜி.ஆர். ஆய்வு முக்கியமான நூல். அதிலும் ஏழை ரசிகன் பிம்பத்தின் பொறியில் சிக்கியவனாகவே தெரிகிறான். அவன் வாய் திறப்பதில்லை. தியடோர் பாஸ்கரன் இவர்களிலிருந்து விலகி நிற்கிறார். பாட்டுப் புத்தகத்தையும் பழைய சுவரொட்டியையும் ஆவணமாக மதித்த அவர், பார்வையாளன் கையில் எதை வைத்திருந்தான் என்று தேடினார்.

என் சாய்வு அசோகமித்திரன் பக்கம். 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்; சினிமாவின் உள்ளறைகளைக் கண்டவர்; 'கரைந்த நிழல்கள்' எழுதியவர். அத்தனையும் தெரிந்திருந்தும், 'இருட்டிலிருந்து வெளிச்சம்' போன்ற கட்டுரைத் தொகுப்புகளில் அவர் டிக்கெட் வாங்கிப் படம் பார்த்த ஓர் ஆளாகவே பேசுகிறார். குரலை உயர்த்துவதில்லை. கோட்பாட்டை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருவதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், கே.எஸ். சிவகுமாரன் தம் பத்தி எழுத்துகளில் இதே வேலையைப் பொறுமையாகச் செய்தார்: பார்த்த படம், அதில் கவனித்தது, சுருக்கமாக ஓர் அபிப்பிராயம். மட்டக்களப்பில் பிறந்த அந்த மனிதரைத் தமிழ்நாட்டின் சினிமா எழுத்துப் பட்டியல்களில் தேடினால் காணக் கிடைப்பதில்லை.

இப்போது இன்றைய நிலைமைக்கு வரலாம். திரையரங்க வாசலில் மைக் நீளுகிறது: "படம் எப்படி இருக்கு?" பதில்கள் வருகின்றன: ஃபர்ஸ்ட் ஹாஃப் செம, செகண்ட் ஹாஃப் லேக், பிஜிஎம் தெறி, ஒன் டைம் வாட்சபிள், ஃபேமிலி ஆடியன்ஸுக்கு செட் ஆகாது. இவற்றைக் கேட்டு முகம் சுளிக்கிற விமர்சகர் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார். இது பார்வையாளனின் மொழியே கிடையாது. எந்த ஊரில் எத்தனை நாள் ஓடும், யார் வருவார்கள், எங்கே வெட்டினால் தேறும் என்பது விநியோகஸ்தரின் கணக்கு. தன் பணத்தைக் கொடுத்து உள்ளே போனவர், அடுத்தவர் பணத்துக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டு வெளியே வருகிறார். முதல் நாள் வசூலைத் தயாரிப்பு நிறுவனமே போஸ்டரில் அறிவிக்கும் காலத்தில் அவரிடம் வேறு சொற்கள் எங்கிருந்து வரும்? விமர்சனத்தைக் கெடுத்தது அவர் வாய் திறந்ததல்ல, அவர் வாயில் வியாபாரியின் சொற்கள் வந்து அமர்ந்ததுதான்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்டில் வந்தது. பின்னணி இசை இல்லை. வேறொருவனை விரும்பும் மீனாவைப் பேய் பிடித்தவளாக்கிச் சாமியாரிடம் ஓட்டிச் செல்லும் ஆட்டோப் பயணம். முடிவு நம் கையில் விடப்படுகிறது. 'லேக்', 'கிளைமாக்ஸ் இல்லை' என்ற இரண்டு முத்திரைகள் உடனே விழுந்தன. மதுரையில் அந்தப் படம் விட்டு வெளியே வரும்போது எனக்கு முன்னால் ஓர் அத்தையும் மருமகளும் நடந்தார்கள்.

"ஏன் அத்தை, முடிவே சொல்லாம விட்டுட்டான்?"

"அவன்தான் நடுவுலயே சொல்லிட்டானே. வழிய மறிச்ச மாட்டுக்கு முன்னாடி அத்தன ஆம்பளையும் முழிச்சுக்கிட்டு நின்னாய்ங்க. சின்னப் புள்ள வந்ததும் அது பாட்டுக்கு அவ கூடப் போச்சுல்ல."

"அதுக்கும் மீனாவுக்கும் என்ன?"

"அவளக் கூப்பிட்டது யாரு? எல்லாரும் ஓட்டிக்கிட்டுல்ல போறாய்ங்க."

அந்தப் படத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எதிலும் இவ்வளவு கிடைக்கவில்லை. மருமகள் கேட்டதால்தான் அத்தை இதைச் சொன்னார். தனியாக மைக் முன்னால் நிறுத்தியிருந்தால் அவரும் "நல்லா இருக்கு, எல்லாரும் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்.

ஆகவே, விமர்சனத்தை மீட்க வேண்டுமானால் பேச்சைத் தடுக்கக் கூடாது. பேச்சை வளர்க்க வேண்டும். 'நிழல்', 'காட்சிப்பிழை' போன்ற பத்திரிகைகள் தீவிர வாசிப்புக்கு ஓர் இடத்தை உண்டாக்கின. அந்த இடத்தில் இனி இரண்டு பேர் உட்கார வேண்டும். உரையாடல் விமர்சனத்தை நம் இதழ்கள் திரும்பக் கொண்டுவரட்டும். ஒருவர் எழுத்தாளராக இருந்தால் மற்றவர் தையல்காரராகவோ செவிலியராகவோ இருக்கட்டும். நட்சத்திரக் குறியையும் மதிப்பெண்ணையும் விட்டொழிக்கட்டும். வாசலில் மைக் பிடிக்கிற இளைஞருக்கும் ஒரு வேண்டுகோள்: படம் எப்படி என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எந்தக் காட்சி மனதில் நிற்கிறது என்று கேளுங்கள், சொன்னதும், ஏன் என்று மறுபடியும் கேளுங்கள். நூறு பேரிடம் கேட்டால் பத்துப் பேராவது விமர்சகர்களைத் தலைகுனிய வைக்கும் பதிலைத் தருவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பத்துப் பேரிடமிருந்துதான் தமிழின் அடுத்த நல்ல சினிமா எழுத்து வரப்போகிறது.