இன்சோல் போட்டால் உயரம் கூடுமா?

விளையாட்டுப் பொருள் கடையில் இன்சோல் கேட்டால் மூன்று வகைகளில் ஒன்று கைக்கு வரும். முதலாவது ஜெல் அல்லது ஃபோம். கட்டைவிரலால் அழுத்தினால் அமிழும், விட்டால் எழும். விலை சில நூறு ரூபாய். இரண்டாவது, பாத வளைவைத் தாங்கும் வகை. அடியில் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, பின்பக்கம் குதிகால் உட்காரும் ஆழமான கிண்ணம். வளைவின் நடுவில் எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. மூன்றாவது கார்பன் ஃபைபர் தகடு. குதிகாலிலிருந்து விரல்நுனி வரை ஒரே துண்டாக இருக்கும். மெல்லியதுதான், ஆனால் இரு கையாலும் வளைத்துப் பார்த்தால் அதன் விறைப்பு உடனே தெரிந்துவிடும். விலை பல ஆயிரம். மூன்றுக்குமே துள்ளல் கூடும் என்றுதான் விளம்பரம் வருகிறது. தட்டைப் பாதமா, மேட்டுப் பாதமா என்று பார்த்து வாங்கச் சொல்லும் ஆலோசனையும் கூடவே வரும். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் இரண்டு வகையும் குதிக்கும் உயரத்தைக் கூட்டாது. மூன்றாவது வகை சிலருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தரக்கூடும். எதை வாங்குவது என்பதற்குப் பாதத்தின் வடிவம் நம்பத்தக்க வழிகாட்டி அல்ல.

இதற்குக் காரணம் பாதத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். அவற்றை இழுத்துப் பிடித்து வளைவாக நிறுத்துபவை தசைநார்களும், குதிகாலிலிருந்து விரல் அடிவரை ஓடும் பிளாண்டர் ஃபேசியா என்ற உறுதியான பட்டையும். விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது இந்தப் பட்டை விரல் மூட்டைச் சுற்றி, கிணற்று ராட்டினத்தில் கயிறு இறுகுவதுபோல் இறுகி, வளைவை உயர்த்துகிறது. பாதம் விறைத்து, தரையை உந்தத் தயாராகிறது. இதை 1954-இல் ஹிக்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் விளக்கினார். 1987-இல் கெர், அலெக்ஸாண்டர் குழுவினர் 'நேச்சர்' இதழில் இதற்கு எண்களைக் கொடுத்தார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஓடும்போது, கால் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடல் சுமார் 100 ஜூல் ஆற்றலை இழந்து மீட்க வேண்டியிருக்கிறது. அதில் ஏறக்குறைய 35 ஜூலைக் குதிநாண் சேமித்துத் திருப்பித் தருகிறது. பாத வளைவு 17 ஜூலைத் தருகிறது. ஆக, ஷூவுக்குள் எதையும் செருகுவதற்கு முன்பே காலில் தரமான ஒரு வில் இருக்கிறது. புதிதாக உள்ளே போகும் பொருள் அந்த வில்லுக்கு உதவுகிறதா, குறுக்கே நிற்கிறதா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

ஜெல் இன்சோலை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 70 கிலோ உடலை ஒரு சென்டிமீட்டர் அதிகமாக உயர்த்த ஏறத்தாழ 7 ஜூல் வேண்டும். இரண்டு காலில் நின்று எழும்பும்போது ஒவ்வொரு பாதத்தின் கீழும் 800 நியூட்டன் விசை விழுகிறது, ஜெல் 2 மில்லிமீட்டர் அமிழ்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பாதத்துக்கு அது சேமிப்பது 0.8 ஜூல். இரண்டுக்கும் சேர்த்து 1.6. அத்தனையும் சிந்தாமல் திரும்பி வந்தால்கூடக் கிடைக்கும் உயரம் 2 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நடைமுறையில் அத்தனையும் திரும்பாது. அதிர்வைத் தின்பதற்காகவே செய்த பொருள் ஆற்றலையும் தின்றுவிடும். இன்னும் மெத்தென்ற, இன்னும் தடிமனான ஜெல்லைப் போட்டால் என்ன என்று கேட்கலாம். தடிமன் கூடக் கூடப் பாதம் ஷூவுக்குள் மேலேறி நிற்கும், கணுக்கால் தடுமாறும், குதிகால் பின்பக்கம் நழுவும். துள்ளுவது போன்ற உணர்வு உண்மைதான். ஆனால் அது காலடியில் உணரும் மென்மை மட்டுமே, உயரம் அல்ல.

வளைவைத் தாங்கும் இன்சோலில் சிக்கல் வேறு விதமானது. அந்தக் கெட்டி ஓடு வளைவு அமிழாமல் தடுக்கிறது. அமிழாத வில் எதையும் சேமிக்காது. 2016-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, வளைவு அமிழ்வதைப் பெருமளவு தடுக்கும் இன்சோல்களைப் போட்டு ஆட்களை ஓடவிட்டுப் பார்த்தது. சமதரை ஓட்டத்தில் உடல் செலவிட்ட ஆற்றல் சுமார் 6 சதவீதம் கூடியது. அது ஓட்டம், குதித்தல் அல்லவே என்ற ஆட்சேபம் நியாயமானது. அந்த ஆய்விலேயே, மேட்டில் ஏறி ஓடும்போதும் நடக்கும்போதும் இந்த இழப்பு காணப்படவில்லை. மேட்டு ஓட்டத்தில் உடல் தசையின் உழைப்பால் மேலே தள்ளப்படுகிறது. வில் துள்ளலுக்கு அங்கே இடம் குறைவு. இதிலிருந்து நான் எடுக்கும் அனுமானம் இது: நின்ற இடத்தில் முழங்காலை மடக்கி எழும்பும் குதிப்பில் வளைவுத் தாங்கி பெரிய கெடுதல் செய்யாது, நன்மையும் செய்யாது. ஓடிவந்து ஒற்றைக் காலில் எம்பும் நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல், வாலிபாலில் அடுத்தடுத்துத் துள்ளும் பிளாக் ஆகியவற்றில் அது வில்லுக்குப் போட்ட பூட்டாகிவிட வாய்ப்பு உண்டு.

தட்டைப் பாதக்காரர்களுக்காவது இது அவசியம் அல்லவா என்பது அடுத்த கேள்வி. பயிற்சியாளர்கள் பலர் இதை உறுதியாக நம்புகிறார்கள்: வளைவு சரிந்த பாதத்தில் உந்துவிசை ஒழுகிவிடும் என்பது அவர்கள் வாதம். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அளந்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. 2009-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த குரோஷிய ஆய்வு, 11 முதல் 15 வயது வரையிலான 218 பிள்ளைகளின் பாத வளைவை அளந்து, குதித்தல் உட்பட 17 உடற்திறன் சோதனைகளை வைத்தது. வளைவின் உயரத்துக்கும் திறனுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்து முதிர்ந்த வீரர்களைப் பற்றி முடிவு சொல்லலாமா என்றால், காயம் பற்றிய ஒரு ஆய்வு வயது வந்தவர்களிடமே நடந்திருக்கிறது. 1993-இல் வெளியான, அமெரிக்கக் காலாட்படையில் பயிற்சி பெற்றுவந்த 246 பேரிடம் நடந்த ஆய்வில், மிகத் தட்டையான பாதம் கொண்டவர்களுக்குத்தான் காயம் குறைவு. மேட்டுப் பாதக்காரர்களுக்கே அதிகம். பாதம் தட்டையாக இருப்பதாலேயே அதைக் குறை என்று கருதி ஒரு பிள்ளையைத் தாண்டுதல் பயிற்சியிலிருந்து விலக்குவது அநியாயம். அதற்குச் சான்று இல்லை.

பாதத்தின் நிலையை மதிப்பிடும் கருவிகள் பயனற்றவை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஆறு அடையாளங்களுக்குத் தலா -2 முதல் +2 வரை மதிப்பெண் தரும் பாத நிலைக் குறியீடு மருத்துவர்களிடம் நன்றாகவே பயன்படுகிறது. 0 முதல் +5 வரை இயல்பு, அதற்கு மேல் உட்பக்கம் சாயும் பாதம், 0-க்குக் கீழே வெளிப்பக்கம் சாயும் பாதம். வலி எங்கிருந்து வருகிறது என்று தேட இது உதவும். குதிகால் வலியோ கணைக்கால் எலும்பை ஒட்டிய வலியோ உள்ள ஒருவருக்கு வளைவுத் தாங்கி நிம்மதி தந்தால், அவர் அதைத் தாராளமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். வலியில்லாமல் பயிற்சி செய்பவர் நாளடைவில் உயரமாகக் குதிப்பார். அந்த உயரத்தைத் தருவது பயிற்சி; இன்சோல் அதற்கு வழிவிடுகிறது. கடையில் ஈரக்கால் தடத்தைப் பார்த்து இன்சோலை எடுத்துக் கொடுப்பது வேறு விஷயம். நின்றுகொண்டிருக்கும் பாதத்தின் தடம், எம்பும் கணத்தில் அந்தப் பாதம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லாது.

கார்பன் தகட்டுக்கு வருவோம். இங்கே மட்டும்தான் உயரத்துக்கு நம்பத்தகுந்த ஒரு காரணம் தெரிகிறது. குதிகால் தரையை விட்டு எழும்போது விரல் அடி மூட்டு மடங்குகிறது. மடங்குகையில் ஆற்றலை உள்வாங்கி, மிகச் சொற்பத்தையே திருப்பித் தருகிறது. கனடாவில் ஸ்டெஃபனிஷின், நிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஷூவின் நடுஅடியை விறைப்பாக்கினால் இந்த இழப்பு குறையும் என்று கருதிச் சோதித்து, 2000-இல் முடிவை வெளியிட்டார்கள்: குதிக்கும் உயரம் சராசரியாக 1.7 சென்டிமீட்டர் கூடியது. வலைக்கு மேல் விரல் படுவதும் படாமல் போவதும் அந்த அளவில்தான் தீர்மானமாகிறது, ஆகவே இதை அற்பம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் அது சராசரி. விறைப்பான அடி, பாதத்தின் நெம்புகோலை நீளமாக்கி, விசை விழும் இடத்தை விரல்பக்கம் தள்ளுகிறது. அதைச் சமாளிக்கக் கெண்டைக்கால் கூடுதலாக உழைக்க வேண்டும். வலுவான கெண்டைக்கால் உள்ளவருக்கு அது லாபம். வலு போதாதவருக்கு உந்தும் நேரம் நீண்டு, லாபம் கரைந்துவிடும். எனவே உடல் எடைக்கும் ஆட்டத்துக்கும் ஏற்றபடி பல விறைப்பு அளவுகளில் கிடைக்கும் தகட்டைத்தான் தேட வேண்டும். எல்லோருக்கும் ஒரே விறைப்பு என்று விற்பதை வாங்க வேண்டாம். ஷூவோடு வந்த இன்சோலை எடுத்துவிட்டே இதைப் போட வேண்டும். இரண்டையும் அடுக்கினால் குதிகால் நழுவும், மேல்பாதத்தில் லேஸ் அழுத்தும். பக்கவாட்டில் வெட்டித் திரும்பும் கூடைப்பந்துக்காரர்கள் வாங்குமுன் கடையிலேயே பக்கவாட்டில் நகர்ந்து பார்ப்பது நல்லது. முதல் சில வாரங்கள் கெண்டைக்கால் இறுக்கம் இருக்கும். பயிற்சியின் ஒரு பகுதிக்கு மட்டும் போட்டுப் பழகுவதே பாதுகாப்பு.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. ஒரு ஷூவுக்குத் தடை விதித்ததே, அது பலனுக்குச் சான்று இல்லையா என்று இந்த இடத்தில் கேட்பார்கள். அத்லெட்டிக் புரொபல்ஷன் லேப்ஸ் நிறுவனத்தின் ஷூவை 2010-இல் என்.பி.ஏ. நியாயமற்ற சாதகம் தரும் என்று சொல்லித் தடை செய்தது உண்மை. அந்த ஷூவின் முன்பாதத்தில் இருந்தது ஒரு ஸ்பிரிங் அமைப்பு, இன்சோல் அல்ல. தடை என்பது விதியைக் காப்பவர்களின் முடிவு. எத்தனை சென்டிமீட்டர் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

அந்தப் பதிலை ஒவ்வொருவரும் கைபேசியிலேயே பெறலாம். காற்றில் இருந்த நேரத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் உயரம் கிடைக்கும். குதி உயரம் அளக்கும் செயலிகள் பல இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன. ஆனால் காணொளியின் வேகம் முக்கியம். 40 சென்டிமீட்டர் குதிப்பில் காற்றில் இருக்கும் நேரம் 0.57 நொடி. நொடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரணக் காணொளியில் ஒரே ஒரு படம் பிசகினாலும் உயரம் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் மாறிவிடும், 1.7 சென்டிமீட்டரை அதில் தேடுவது வீண். நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பிசகு 6 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. கைகளை இடுப்பில் வைத்துக் குதிக்க வேண்டும். தரை தொடும்போது முழங்கால் மடங்கியிருந்தால் காற்றில் இருந்த நேரம் பொய்யாக நீளும். பழைய இன்சோல், புதியது, மறுபடி புதியது, மறுபடி பழையது என்ற வரிசையில் ஒரே நாளில் மாற்றி மாற்றிக் குதித்தால் உடல் சூடேறியதன் பலன் ஒரு பக்கமே சேராது. எந்த இன்சோல் என்று தெரியாத ஒருவர் படங்களை எண்ணினால் இன்னும் நல்லது. ஓர் ஆளின் குதிப்பே முறைக்கு முறை ஓரிரு சென்டிமீட்டர் மாறும் என்பதால், ஒன்றிரண்டு குதிப்பை வைத்து முடிவுகட்டக் கூடாது.

செலவில்லாத ஒரு போட்டியாளரும் இந்த இன்சோல்களுக்கு உண்டு: விரல்களை மடக்கும் தசைகள். 2019-இல் வெளியான ஒரு ஆய்வில் உள்ளங்காலின் சிறு தசைகளை நரம்பு மரப்பூசியால் செயலிழக்கச் செய்தபோது, வளைவு அமிழும் அளவு பெரிதாக மாறவில்லை; ஆனால் தரையை உந்தும் திறன் குறைந்தது. 2013-இல் கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழகக் குழு ஏழு வாரம் விரல் தசைகளுக்குக் கடும் பயிற்சி கொடுத்தபோது, நின்ற இடத்திலிருந்து முன்னால் பாயும் தூரம் கூடியது. தகடு செய்யும் வேலை, அதாவது விரல் மூட்டை விறைப்பாக வைத்திருப்பது, இங்கே தசையால் நடக்கிறது. ஏழு வாரம் காத்திருக்க முடியாது, போட்டி அடுத்த வாரம் என்பவருக்கு இந்தப் பதில் உதவாது. ஆனால் கெண்டைக்கால் பழகாத புதுத் தகட்டை அடுத்த வாரப் போட்டிக்குப் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பருவம் தொடங்க இரண்டு மாதம் இருக்கையில் இரண்டையும் சேர்த்தே ஆரம்பிக்கலாம்.

தடகளத்தில் போட்டியிடுவோர் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1957-இல் சோவியத் வீரர் யூரி ஸ்டெபனோவ் தடித்த அடிகொண்ட ஷூவில் உயரம் தாண்டுதலில் 2.16 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தபின் அடியின் தடிமனுக்கு வரம்பு வந்தது. இன்று தாண்டுதல் போட்டிகளில் அந்த வரம்பு 20 மில்லிமீட்டர். உள்ளே போடும் இன்சோலின் தடிமனும் அதில் சேரும் என்பதால், புதிதாக எதைச் செருகினாலும் மொத்தத் தடிமனை அளந்த பிறகே ஷூவைக் களத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.