வலயக் கணக்கில் நிரம்பிய வெற்றிடம்

வட்டவளையிலிருந்து ஏறிவரும் ரயில் றொசல்லயைத் தாண்டினால் அடுத்த நிலையம் ஹட்டன். ஏ7 வீதியில் போனாலும் அதே வரிசைதான். காலையில் சீருடைப் பிள்ளைகள் பலர் போகும் திசையும் அதுவே. லயத்துக்குப் பக்கத்திலேயே பாடசாலை இருக்க, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து நகரத்துக்கு அனுப்புகிறார்களே என்று பெற்றோரைக் கேலி செய்வோர் உண்டு. பட்டண மோகம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணித ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கே பிள்ளையை அனுப்புகிறார்கள். கொழுந்து பறித்துச் சம்பாதித்த காசை யாரும் மோகத்துக்காகச் செலவழிப்பதில்லை. ஆசிரியர் ஏன் நகரத்தில் மட்டும் தங்குகிறார் என்று கேட்டால், பேச்சு கல்வி வலயம் என்ற நிர்வாக முறைக்கு வந்து சேரும்.

இலங்கையில் ஏறக்குறைய 100 கல்வி வலயங்கள் இருக்கின்றன. நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் ஐந்து: நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த. வலயத்துக்கு ஒரு பணிப்பாளர், அவருக்குக் கீழே கோட்டக் கல்விப் பணிப்பாளர்கள், பாடத்துக்குப் பாடம் ஆசிரிய ஆலோசகர்கள். நகரத்துப் பெரிய பாடசாலையும் மலையுச்சியில் ஐந்தாம் தரம் வரை மட்டுமே உள்ள தோட்டப் பாடசாலையும் ஒரே அலுவலகத்தின் பொறுப்பு.

இந்த ஒரே குடை எவ்வளவு பெரிய விஷயம் என்பது பழைய கதை தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. துரை மனம் வைத்தால் பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், பிள்ளைகள் வேலைக்குப் போகும் வயது வரும்வரை எழுத்துக் கூட்டல். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் வெளியிலேயே நின்றன. 1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் அவை சேர்க்கப்படவில்லை. கேட்க ஆளில்லை என்பதே காரணம். 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியன் காங்கிரஸ், தோட்ட மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் வந்த 1952 தேர்தலில் ஓர் ஆசனமும் பெறவில்லை. வாக்கில்லாத சனத்தின் பள்ளிக்கூடத்தைப் பற்றி எந்த அமைச்சர் கவலைப்படுவார்? 1977இல் தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியிலிருந்து தெரிவானார். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை நடந்ததும் 1970களின் பிற்பகுதியில் தொடங்கிப் படிப்படியாகத்தான்.

அதன் பின்னர் சுவீடனின் சீடா நிறுவன உதவியில் கட்டடங்கள் எழும்பின. ஜேர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. இன்று தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்குக் கொழும்புப் பிள்ளையின் அதே பாடநூல், அதே பாடத்திட்டம், அதே பரீட்சைத் தாள். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு, தோட்டம் இல்லை. வலய முறை இல்லாமல் இது நடந்திருக்காது. இந்த முறையைக் குறை சொல்லும் எவரும், நான் உட்பட, முதலில் இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

குறை எங்கே என்றால், வலயம் ஆசிரியர்களை எண்ணும் விதத்தில். வலயம் முழுவதற்கும் இத்தனை மாணவர், இத்தனை ஆசிரியர் என்று கூட்டிப் பார்த்தால் கணக்கு ஓரளவு சரியாகத்தான் வரும். பாடசாலை பாடசாலையாக, பாடம் பாடமாகப் பிரித்தால் கதை வேறு. இதில் மிக மோசமானது 'இணைப்பு' என்ற ஏற்பாடு. விஞ்ஞான ஆசிரியை ஒருவருக்குத் தோட்டப் பாடசாலையில் நியமனம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வந்து சேர்ந்து கையொப்பமிடுகிறார். சில மாதங்களில் சுகவீனம், கைக்குழந்தை, தூரம் என்று ஒரு காரணத்தைக் காட்டி நகரத்துப் பாடசாலைக்குத் தற்காலிக இணைப்புக் கடிதம் வாங்குகிறார். காரணம் உண்மையாகவே இருக்கலாம். தினமும் இரண்டு பஸ் மாறி, இறங்கிய இடத்திலிருந்து மலையேறும் ஒரு தாயை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் அவருடைய பெயரும் சம்பளமும் தோட்டப் பாடசாலையின் இடாப்பிலேயே இருக்கும். ஏட்டில் அங்கே வெற்றிடம் கிடையாது. வெற்றிடம் இல்லாத இடத்துக்குப் புதிய ஆசிரியரை யாரும் அனுப்பமாட்டார்கள். 'தற்காலிகம்' ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட, அதிபர் விஞ்ஞான பாடவேளைக்குச் சமயபாட ஆசிரியரை அனுப்பிச் சமாளிப்பார்.

வலயப் பணிப்பாளரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரம் மாகாணத்திடம். தேசிய பாடசாலைகளை நேரே கொழும்பு அமைச்சு பார்க்கிறது. பணம் ஒதுக்குவது வேறு இடம். லொஸ் ஏஞ்சலிஸ் மாநகரத்துப் பாடசாலை மாவட்டத்துக்கு மக்களே வாக்களித்துத் தெரிவுசெய்யும் ஏழு பேர் கொண்ட சபை உண்டு. பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். நமது வலயத்துக்கு அப்படி எந்தச் சபையும் இல்லை. பெற்றோருக்குத் தெரிந்த ஒரே வழி தொழிற்சங்கத் தலைவரைப் பிடிப்பது. அவரால் ஓர் இடமாற்றத்தை நிறுத்தவும் முடியும், வாங்கிக் கொடுக்கவும் முடியும். இந்த நோய்க்கு அதுவும் ஒரு காரணம் என்பதை நாம் சத்தமாகச் சொல்வதில்லை.

2014ஐ அடுத்து மலையகத்துக்கென்று 3,000க்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். உயர்தரம் சித்தியடைந்த தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவு. போராடிய பின்னர் 10,000. அந்தத் தொகையில் ஒரு பட்டதாரியை மலைக்கு ஏற்றமுடியாது. இவர்கள் ஏறினார்கள், ஏனென்றால் அவர்களுடைய வீடு அங்கேதான் இருந்தது. திட்டத்தின் பலம் அது. சேவையில் உள்வாங்க ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது அதன் வெட்கக்கேடு. உள்ளூர் ஆளை எடு, ஒழுங்காகப் பயிற்சி கொடு, ஒழுங்காகச் சம்பளம் கொடு என்ற பாடத்தின் முதற்பகுதியை மட்டும் அரசு படித்துக்கொண்டது.

முதலாம் தர அனுமதியிலும் தோட்டத்தின் நிலைமையைப் பார்க்காத இதே குறைதான். பிரபல பாடசாலைகளில் பாதி இடம் அருகில் குடியிருப்போருக்கு, கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு என்பது நீண்ட காலச் சுற்றறிக்கை வழக்கம். குடியிருப்பை நிரூபிக்கக் காணி உறுதிக்குப் புள்ளி உண்டு. லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம்; நாலு தலைமுறை வாழ்ந்தவனிடமும் உறுதி இருக்காது. அவனுடைய தாயும் தகப்பனும் அந்தப் பாடசாலைப் படியை மிதித்ததும் இல்லை.

பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகையைப் பெறுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலைப் பிள்ளைக்கு மருத்துவபீட வெட்டுப்புள்ளி குறைந்தால் என்ன, கூடினால் என்ன? சலுகை மாவட்டத்தின் பெயரில் வருகிறது. அனுபவிப்பது ஆய்வுகூடம் உள்ள சில பாடசாலைகள்.

வலய முறையைக் கலைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கலைத்தால் தோட்டப் பாடசாலைதான் முதலில் அநாதையாகும். இடமாற்றத்தை மூடிய அறையிலிருந்து வெளியே எடுக்கவேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பொதுக் கலந்தாய்வு நடக்கிறது: காலியிடப் பட்டியலை வெளியிட்டு, முன்னுரிமை வரிசைப்படி அழைத்து, விரும்பிய இடத்தைத் தெரிவுசெய்யச் சொல்கிறார்கள். அங்கேயும் வசதியான ஊர்கள் முதலில் நிரம்புகின்றன, புகார்களும் உண்டு. இருந்தாலும் எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆளில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த தகவலாகிறது. நமக்கு அதுகூட இல்லை.

அதற்கு ஒரு வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் வலயக் கல்வி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். உங்கள் பிள்ளையின் பாடசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை, இடாப்பில் எத்தனை, இணைப்பில் வெளியே போனவர்கள் எத்தனை, எந்தப் பாடம், எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். ஆசிரியரின் பெயர் தேவையில்லை, எண்ணிக்கை போதும். பாடசாலை அபிவிருத்திக் குழுவின் அடுத்த கூட்டத்தில் அந்தக் கடிதத்தை வாசியுங்கள்.