இடைநாள் ஊசி தேவையா?

இதய அறுவை சிகிச்சைக்கு 5 நாள் முன்பே, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் ரத்தம் கட்டிவிடுமோ என்ற பயத்தில் ஹெப்பாரின் ஊசி போடுவது நெடுநாள் வழக்கம். காலையும் மாலையும் தொப்புளைச் சுற்றி ஒரு குத்து. மூன்றாம் நாளில் வயிறெங்கும் நீலத் திட்டுகள். அந்த ஊசியால் பலன் உண்டா?

2015-இல் வெளியான பிரிட்ஜ் ஆய்வு இதை நேராகச் சோதித்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் தாறுமாறான துடிப்பு உள்ள 1,884 பேரில் ஒரு சாராருக்கு டால்டெபாரின் எனும் ஹெப்பாரின் வகை, மறுசாராருக்கு மருந்தில்லாத ஊசி. பக்கவாதம் போன்ற அடைப்பு மருந்து பெற்றவர்களில் 0.3 சதவீதம், பெறாதவர்களில் 0.4. பெரும் ரத்தப்போக்கு முறையே 3.2, 1.3. ஊசி ரத்தக்கட்டியைத் தடுத்ததாகத் தெரியவில்லை, ரத்தப்போக்கைத்தான் கூட்டியது.

இதை வைத்து "ஊசியே வேண்டாம்" என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இதய அறுவைக்குக் காத்திருந்தவர்களையும், உலோக வால்வு பொருத்தியவர்களையும், 12 வாரத்துக்குள் பக்கவாதம் வந்தவர்களையும் அந்த ஆய்வு சேர்க்கவே இல்லை. 2021-இன் பெரியாப்-2 ஆய்வில் உலோக வால்வுக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் அறுவைக்கு முன் எல்லோருக்குமே ஊசி போடப்பட்டது. பின்னால் போடுவதைப் பற்றித்தான் அதன் ஒப்பீடு. நம் கேள்விக்கு அதில் விடையில்லை.

ஆகவே உடலியங்கியலைக் கொண்டுதான் எடைபோட வேண்டும். இதய–நுரையீரல் இயந்திரத்தில் இணைக்கும்போது எப்படியும் முழு அளவு ஹெப்பாரின் ஏறுகிறது. முடிந்ததும் புரோட்டமின் கொடுத்து முறிக்கிறார்கள். தோலடியில் போட்ட, டால்டெபாரின் போன்ற குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரினின் மிச்சம் இருந்தால் புரோட்டமினால் அதை முழுதாக முறிக்க முடியாது. அதனால் கசிந்து இதய உறைக்குள் தேங்கும் ரத்தம் இதயத்தையே நெருக்கும். பல்லோ கண்ணோ சிகிச்சை பெறுபவரின் கசிவும் இதுவும் ஒன்றல்ல. இன்னொன்று: தாறுமாறான துடிப்பில் ரத்தக்கட்டிகள் பெரும்பாலும் தங்கும் இடது மேலறையின் பைபோன்ற மடிப்பை அறுவையின்போதே மூடிவிடலாம். 4,811 பேரை ஆராய்ந்த லாஸ்-3 ஆய்வில் அப்படி மூடியவர்களில் பக்கவாதமோ பிற உறுப்புகளில் ரத்தக்கட்டி அடைப்போ வந்தது 4.8 சதவீதம், மூடாதவர்களில் 7.0.

என் தீர்ப்பு இது. வார்ஃபரினுக்குத் தாறுமாறான துடிப்பு மட்டுமே காரணமென்றால், நேரடிச் சான்று இல்லாவிட்டாலும், ஊசியை விட்டுவிடலாம். இதயத்தின் மைட்ரல் வால்வு இடத்தில் உலோக வால்வு இருந்தாலோ அண்மையில் பக்கவாதம் வந்திருந்தாலோ விடக்கூடாது. அவர்களை மருத்துவமனையில் சேர்த்து, சிரை வழியே சாதாரண ஹெப்பாரினைச் சொட்டாக ஏற்றுவது நல்லது. அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும், மிச்சமிருப்பதைப் புரோட்டமின் முறித்துவிடும்.